வரத்து இரண்டு, வடிகால் ஒன்று: ட்ரைகிளிசரைடைக் குறைப்பது எப்படி

ரத்தப் பரிசோதனை அறிக்கையில் ட்ரைகிளிசரைடு 280 என்று வந்தாலும் தடித்த எழுத்துதான். 1,280 என்று வந்தாலும் அதே தடித்த எழுத்துதான். இரண்டு பேருக்கும் கிடைக்கிற அறிவுரையும் பெரும்பாலும் ஒன்றே: "எண்ணெயைக் குறைங்க, தினமும் நடங்க, மூணு மாசம் கழிச்சு பார்க்கலாம்." முதல் ஆளுக்கு இது பாதி தவறு. அவர் முதலில் கை வைக்க வேண்டியது சர்க்கரையிலும் மதுவிலும்; எண்ணெய் அதற்குப் பிறகுதான். இரண்டாம் ஆளுக்கோ இது போதவே போதாது. அவர் எண்ணெயை "குறைத்தால்" பற்றாது, கிராம் கணக்கில் அளக்க வேண்டும். மூன்று மாதம் காத்திருக்கவும் அவருக்கு நேரமில்லை. ஒரே பெயரில், ஒரே அலகில் எழுதப்பட்டாலும் இவை கிட்டத்தட்ட இரண்டு வேறு நோய்கள். ஏன் அப்படி என்பது புரிந்துவிட்டால் தட்டில் எதை வைப்பது, எதை எடுப்பது என்பதும் தானே விளங்கும்.

கிளிசரால் என்ற சிறு மூலக்கூறின் முதுகில் மூன்று கொழுப்பு அமிலங்கள் ஏறி உட்கார்ந்தால் அது ட்ரைகிளிசரைடு. சமையல் எண்ணெயும் இதுதான், தொப்பையில் இருக்கும் கொழுப்பும் இதுதான். எண்ணெய் தண்ணீரில் கரையாது என்பதால் ரத்தத்தில் அது தனியாக மிதந்து போக முடியாது. புரத உறை போர்த்திய பொட்டலங்களாகத்தான் பயணிக்கும். இந்தப் பொட்டலங்கள் இரண்டு இடங்களிலிருந்து வருகின்றன. நாம் சாப்பிட்ட கொழுப்பைக் குடல் கட்டி அனுப்புவது கைலோமைக்ரான். கல்லீரல் தானே தயாரித்து அனுப்புவது விஎல்டிஎல். கல்லீரலுக்கு மூலப்பொருள் எண்ணெயாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை; மிஞ்சிய சர்க்கரையையும் அது கொழுப்பாக மாற்றிவிடும், உடற்கொழுப்பிலிருந்து கசிந்து வரும் கொழுப்பு அமிலங்களையும் சேர்த்துக் கட்டிவிடும்.

வரத்துக்கால் இரண்டு, வடிகாலோ ஒன்றுதான். தசையிலும் கொழுப்புத் திசுவிலும் உள்ள நுண்ணிய ரத்தக்குழாய்களின் உட்சுவரில் லைப்போபுரோட்டீன் லைபேஸ் என்றொரு நொதி ஒட்டிக்கொண்டிருக்கிறது. கடந்துபோகும் பொட்டலங்களைப் பிரித்து, உள்ளிருக்கும் கொழுப்பை அந்தத் திசுவுக்குள் இறக்குவது அதன் வேலை. குடலிலிருந்து வந்ததும் கல்லீரலிலிருந்து வந்ததும் இதே நொதிக்காகத்தான் வரிசையில் நிற்கின்றன. அளவு சுமார் 500-ஐத் தாண்டும்போது இந்த நொதி கையிருப்பு முழுவதையும் செலவழித்து வேலை செய்துகொண்டிருக்கும். அதற்கு மேல் உள்ளே வருவதெல்லாம் அப்படியே தேங்கும். வடிகால் திறந்திருக்கும்போது ஒரு கரண்டி எண்ணெய் சில மணி நேரத்தில் வடிந்துபோகும். வடிகால் நிரம்பிவிட்ட பிறகு அதே ஒரு கரண்டி, அளவைத் திடீரென்று ஆயிரங்களுக்குக் கொண்டுபோய்விடும். 600-இல் இருந்த ஒருவர் ஒரு விருந்துக்குப் பிறகு 2,000-ஐத் தொடுவதன் ரகசியம் இதுதான்.

எண்களைப் பொதுவாக இப்படிப் பிரிப்பார்கள்: டெசிலிட்டருக்கு 150 மில்லிகிராமுக்குக் கீழே இயல்பு, 150 முதல் 199 வரை எல்லைக்கோடு, 200 முதல் 499 வரை அதிகம், 500-உம் அதற்கு மேலும் மிக அதிகம். மில்லிமோல் கணக்கில் அறிக்கை வரும் நாடுகளில் இருப்பவர்கள் வந்த எண்ணைச் சுமார் 88.6-ஆல் பெருக்கிக்கொள்ளலாம். 1.7 என்றால் 150; 5.6 என்றால் 500, 11.3 என்றால் 1,000. என்னைக் கேட்டால் இந்தப் பட்டியலில் உண்மையான கோடுகள் இரண்டுதான்: 500, 1,000. மற்றவை எல்லாம் மெல்லிய சரிவு.

அந்தக் கோடுகளுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆபத்தே வேறு. 200, 300 என்று இருப்பவருக்குக் கவலை இதயமும் மூளையும். நொதி பாதி பிரித்துவிட்ட பொட்டலங்களின் எச்சம் கொலஸ்டிராலைச் சுமந்தபடி ரத்தக்குழாய்ச் சுவருக்குள் நுழைந்து தங்கிவிடும். அடைப்பை உண்டாக்குவது ட்ரைகிளிசரைடு அல்ல, அதோடு ஒட்டிவரும் இந்தக் கொலஸ்டிரால். 1,000-ஐத் தாண்டியவருக்கு முதல் கவலை கணையம். பெரிய கைலோமைக்ரான்கள் ரத்தக்குழாய்ச் சுவருக்குள் நுழைய முடியாத அளவு பருமனானவை. ஆனால் கணையத்தின் நுண்குழாய்களில் அவை தேங்கும்போது, கணையத்தின் சொந்த நொதியே அவற்றை உடைத்துக் கொழுப்பு அமிலங்களைக் கொட்டித் தன்னையே புண்ணாக்கிக்கொள்ளும். கடும் கணைய அழற்சி உயிரைக் கொண்டுபோகக்கூடியது.

முதலில் எண்ணை நம்பலாமா என்று பாருங்கள்

ரத்தத்தில் உள்ள எண்களில் ட்ரைகிளிசரைடு போல ஊசலாடுவது குறைவு. எதையும் மாற்றாத ஒரே ஆளுக்கு ஒரே வாரத்தில் இரண்டு முறை எடுத்தாலும் 20, 30 சதவீத வித்தியாசம் சாதாரணம். 210 வந்தது 170 ஆனதைப் பார்த்துக் கொண்டாட வேண்டாம். 170 வந்தது 210 ஆனதற்குக் கலங்கவும் வேண்டாம். ஒரு எண்ணை வைத்து மருந்து தொடங்குவதற்கு முன் இன்னொரு முறை, முறையாக எடுத்துப் பார்ப்பது நல்லது.

முறையாக என்றால்: 10 முதல் 12 மணி நேரம் தண்ணீர் தவிர எதுவும் இல்லாமல். சாப்பிட்ட கொழுப்பு ரத்தத்தில் உச்சத்தைத் தொட மூன்று, நான்கு மணி நேரம் ஆகும். முழுவதும் வடிய 10 மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். பால் சேர்த்த காபி "சாப்பாட்டில் சேராது" என்று நினைத்துக் குடித்துவிட்டு வருபவர்கள் நிறைய. அதுவும் சேரும். அதைவிடப் பலர் மறப்பது மது. முந்தின நாள் இரவு நன்றாகக் குடித்துவிட்டு, சாப்பாட்டில் மட்டும் பட்டினி இருந்து கொடுத்த ரத்தத்தில் எண் ஏறித்தான் காட்டும். இரண்டு, மூன்று நாள் முன்பிருந்தே மதுவை நிறுத்துங்கள். காய்ச்சல், அறுவைச் சிகிச்சை போன்ற சமயங்களில் எடுத்த எண்ணை அடிப்படையாகக் கொள்ளாதீர்கள்.

சாப்பிட்ட பிறகு எடுக்கும் பரிசோதனை தவறு என்று சொல்லவில்லை. முதல் சல்லடையாக அது போதும். அதில் 400-க்கு மேல் வந்தால் மட்டும் வெறும் வயிற்றில் மறுபடி எடுங்கள்.

அறிக்கையில் இன்னொரு பொறி உண்டு. பல ஆய்வகங்கள் "கெட்ட கொழுப்பு" எனப்படும் எல்டிஎல் அளவை நேரடியாக அளப்பதில்லை. 1972-இல் ஃப்ரீட்வால்ட் கொடுத்த சூத்திரத்தால் கணக்கிடுகின்றன. மொத்தக் கொலஸ்டிராலிலிருந்து "நல்ல கொழுப்பு" எனப்படும் எச்டிஎல்-ஐயும், ட்ரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்தால் வருவதுதான் அந்த எல்டிஎல். ட்ரைகிளிசரைடு ஏற ஏறக் கழிபடும் தொகையும் ஏறுவதால் எல்டிஎல் உண்மையைவிடக் குறைவாகத் தெரியும். 400-ஐத் தாண்டினால் சூத்திரமே செல்லாது. "எனக்குக் கெட்ட கொழுப்பு 90-தான், ட்ரைகிளிசரைடு மட்டும்தான் கொஞ்சம் அதிகம்" என்று நிம்மதியாக இருப்பவர்களில் பலரின் நிம்மதி இந்தக் கழித்தலில் பிறந்தது. இவர்கள் பார்க்க வேண்டியது வேறொரு எண்: மொத்தக் கொலஸ்டிராலிலிருந்து எச்டிஎல்-ஐ மட்டும் கழியுங்கள். மொத்தம் 240, எச்டிஎல் 35, ட்ரைகிளிசரைடு 300 என்று வையுங்கள். சூத்திரப்படி எல்டிஎல் 145. எச்டிஎல் நீங்கலான கொலஸ்டிரால் 205. ரத்தக்குழாய்க்குள் நுழையக்கூடிய எல்லாப் பொட்டலங்களும் சுமக்கும் கொலஸ்டிரால் இந்த 205-தான். இதற்கான இலக்கு, உங்களுக்கு மருத்துவர் வைத்த எல்டிஎல் இலக்கோடு 30 கூட்டினால் வருவது. இதைக் கணக்கிடப் பட்டினியும் தேவையில்லை. இந்தப் பொட்டலங்களின் எண்ணிக்கையைக் காட்டும் அப்போ-பி பரிசோதனை செய்ய வசதியிருந்தால் இன்னும் துல்லியம்.

மிக அதிகமாக இருப்பவரின் ரத்தத்தைக் குழாயில் எடுத்து வைத்தால் மேலே தெளியும் திரவம் பால் போல இருக்கும். குளிர்பெட்டியில் ஓர் இரவு வைத்தால் கைலோமைக்ரான்கள் ஆடையாக மேலே திரளும். கீழே உள்ளது தெளிவாக இருந்தால் குடலின் வரத்து மட்டும். கீழேயும் கலங்கலாக இருந்தால் கல்லீரலின் வரத்தும் சேர்ந்திருக்கிறது. இந்தப் பால்நிறம் மற்றப் பரிசோதனைகளையும் ஏமாற்றும்: சோடியம் பொய்யாகக் குறைந்து காட்டும், ஹீமோகுளோபின் பொய்யாக ஏறிக் காட்டும். இதற்கு நேரெதிராக, எண் மட்டும் மிக அதிகமாக இருந்து திரவம் தெளிவாகவே இருந்தால் சந்தேகப்படுங்கள். ஆய்வக முறை உண்மையில் அளப்பது கிளிசராலைத்தான். கிளிசரால் கைனேஸ் நொதி பிறவியிலேயே குறைந்த சிலருக்கு ரத்தத்தில் கிளிசரால் மட்டும் கூடி, எண் பொய்யாக உயர்ந்து காட்டும். எந்த மருந்துக்கும் அந்த எண் இறங்காது. அரிதுதான். ஆனாலும் ஆண்டுக்கணக்கில் வீணாக மாத்திரை விழுங்கவைக்கிற அரிது அது.

யார் தூண்டிவிடுகிறார்கள்?

ட்ரைகிளிசரைடு தானாக ஏறுவதைவிட, வேறொன்று ஏற்றிவிடுவதே அதிகம். அந்த வேறொன்றைத் தேடாமல் மாத்திரை எழுதுவது, குழாயை மூடாமல் தரையைத் துடைப்பது மாதிரி. சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி, தைராய்டுக்கு டிஎஸ்எச், சிறுநீரகத்துக்குக் கிரியேட்டினின், சிறுநீரில் புரதம், கல்லீரல் நொதிகள் ஆகிய ஐந்தும் எவருக்கும் கேட்டுப் பெற வேண்டியவை. கட்டுப்பாடில்லாத நீரிழிவு முதல் குற்றவாளி. இன்சுலின்தான் வடிகால் நொதியை ஊக்கப்படுத்துவது, உடற்கொழுப்பு கசியாமல் தடுப்பதும் அதுவே. அது குறைந்தால் வரத்து பெருகி வடிகால் சுருங்கும். ட்ரைகிளிசரைடு 1,500 இருந்தவருக்கு ரத்தச் சர்க்கரையைச் சரி செய்ததுமே 300-க்கு வருவது அபூர்வமல்ல. தைராய்டு குறைவும் அப்படித்தான். தைராய்டு மாத்திரையே கொழுப்பு மாத்திரையின் வேலையையும் பார்த்துவிடும்.

அடுத்து மருந்துப் பை. தையசைடு வகைச் சிறுநீர்ப்பெருக்கிகள், பழைய வகை பீட்டா தடுப்பான்கள், ஸ்டீராய்டுகள், வாய்வழி ஈஸ்ட்ரோஜன், டாமாக்சிஃபென், பருவுக்குக் கொடுக்கும் ஐசோட்ரெட்டினாயின், மனநோய்க்கான ஓலான்சபைன், குளோசபைன், எச்ஐவி மருந்துகளில் சில, உறுப்பு மாற்றத்துக்குப் பின் தரும் சைக்ளோஸ்போரின் எல்லாமே ஏற்றக்கூடியவை. வேடிக்கை என்னவென்றால் எல்டிஎல்-ஐக் குறைக்கத் தரும் கொலஸ்டிரமைன் வகையும் ட்ரைகிளிசரைடை ஏற்றும். இவற்றில் எதையும் நீங்களே நிறுத்தாதீர்கள், குறிப்பாக மனநல மருந்தை. மாற்று உண்டா என்று கேளுங்கள். பல சமயம் உண்டு: ஈஸ்ட்ரோஜனை மாத்திரையாக விழுங்குவதற்குப் பதில் தோலில் ஒட்டும் பட்டையாகப் பயன்படுத்தினால் கல்லீரல் அவ்வளவு தூண்டப்படாது.

கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் இரண்டு முதல் நான்கு மடங்கு ஏறுவது இயற்கை. 80 இருந்தவர் 250 ஆனால் கவலையில்லை. கருத்தரிக்கும் முன்பே 400, 500 என்று இருந்தவருக்குத்தான் அந்த நான்கு மடங்கு ஆபத்து. அவர் முன்கூட்டியே மகப்பேறு மருத்துவரிடம் சொல்லிவைக்க வேண்டும்.

500-க்குக் கீழே: கல்லீரலின் வரத்துக்காலை அடைத்துவிடுங்கள்

இங்கே வடிகாலில் இன்னும் இடமிருக்கிறது. பெருகி வருவது கல்லீரலின் தயாரிப்பு. அதற்குத் தீனி போடுவது மூன்று: இனிப்பு, மது, உடம்பில் சேர்ந்த கொழுப்பு.

இனிப்பில் ஃபிரக்டோஸ்தான் விஷயம். வெள்ளைச் சர்க்கரையில் பாதி அதுதான். குளுக்கோஸ் கல்லீரலுக்குள் போகும்போது ஒரு காவல் நொதி "போதும்" என்று நிறுத்தும்; ஃபிரக்டோஸ் அந்தக் காவலைச் சுற்றிக்கொண்டு போய் நேராகக் கொழுப்புத் தயாரிப்புக்குள் இறங்கிவிடும். ஆகவே தேனுக்கு மாறினேன், பழுப்புச் சர்க்கரைக்கு மாறினேன் என்பதில் லாபமில்லை. அமெரிக்க இதயவியல் கல்லூரி 2021-இல் தந்த வழிகாட்டுதல், சேர்க்கப்பட்ட சர்க்கரையை மொத்தக் கலோரியில் 6 சதவீதத்துக்குக் கீழே வைக்கச் சொல்கிறது. 2,000 கலோரி சாப்பிடுபவருக்கு அது 120 கலோரி, அதாவது 30 கிராம், ஏழரைத் தேக்கரண்டி. 330 மில்லி இனிப்புச் சோடா ஒன்றிலேயே 35 கிராம் அளவில் இருக்கிறது. ஒரே குடியில் நாள் கணக்கு முடிந்து கடனும் விழுந்தாயிற்று. பழச்சாறும் ஏறக்குறைய அதே கணக்குதான்: 300 மில்லியில் 30 கிராம் சர்க்கரை, சர்க்கரை சேர்க்காவிட்டாலும். பழமாகக் கடித்துச் சாப்பிட்டால் நாரும் வரும், அளவும் தானே மட்டுப்படும். நாளுக்கு இரண்டு பழம் பிரச்சினையில்லை.

மாவுச்சத்து அடுத்தது. இங்கேதான் "எண்ணெயைக் குறைங்க" என்ற அறிவுரை ஆளைக் கவிழ்ப்பது. எண்ணெயை விட்டவருக்குப் பசிக்கும். அந்த இடத்தைத் தீட்டிய அரிசியாலும் மைதாவாலும் கொழுப்பு நீக்கிய பிஸ்கட்டாலும் நிரப்புவார். அடுத்த பரிசோதனையில் ட்ரைகிளிசரைடு கூடியிருக்கும். கொழுப்பு மிகக் குறைந்து மாவுச்சத்து மிகக் கூடிய உணவு இந்த எண்ணை ஏற்றும் என்பது நன்றாகத் தெரிந்த விஷயம். 500-க்குக் கீழே இருப்பவர் கலோரியில் 30, 35 சதவீதத்தைக் கொழுப்பிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். அது வெண்ணெயாக இல்லாமல் தாவர எண்ணெய், கொட்டைகள், மீன் வழியாக வந்தால் நல்லது. தட்டில் தானியத்தின் பங்கைக் கால்வாசிக்கு இறக்கி, அந்த இடத்தைக் காய்கறிக்கும் பருப்புக்கும் கொடுப்பது எளிய வழி.

மதுவைப் பற்றிச் சுற்றி வளைக்க வேண்டாம். ஆல்கஹாலை எரிக்கும் வரை கல்லீரல் கொழுப்பை எரிக்காது. எரியாத கொழுப்பு பொட்டலமாகி வெளியே போகும். ஒயின், பீர், விஸ்கி எல்லாம் ஒன்றுதான். கூடவே கொழுப்பான சாப்பாடும் சேர்ந்தால் விளைவு இரட்டிப்பாகும். 300-இல் இருப்பவர் ஒரு மாதம் முழுதாக நிறுத்திப் பரிசோதனை செய்து பாருங்கள். தனக்கு மதுவின் பங்கு எவ்வளவு என்பதை அந்த ஒரு எண் சொல்லிவிடும். 500-ஐத் தாண்டியவருக்குக் குறைப்பது என்ற பேச்சே இல்லை, அறவே நிறுத்தம்தான்.

உடல் எடையில் 5 முதல் 10 சதவீதம் இறங்கினால் ட்ரைகிளிசரைடு சுமார் 20 சதவீதம் இறங்கும். 80 கிலோ ஆளுக்கு அது 4 முதல் 8 கிலோ. எடை இறங்கிக்கொண்டிருக்கும் வாரங்களில் எண் இன்னும் குறைவாகவே தெரியும். எடை நின்றதும் கொஞ்சம் மேலே வந்து உட்காரும். அதைப் பார்த்துப் "பலன் போய்விட்டது" என்று நினைக்க வேண்டாம்.

உடற்பயிற்சியில் பலர் தவறவிடுவது அதன் காலக்கெடு. தசை நன்றாக உழைத்த பிறகு அதிலுள்ள வடிகால் நொதி கூடும். அந்தக் கூடுதல் மறுநாள் வரை நிற்கும், இரண்டு மூன்று நாளில் கரைந்துவிடும். ஆகவே ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூன்று மணி நேரம் ஓடுவதைவிட வாரத்தில் ஐந்து நாள் அரை மணி நேரம் வேகமாக நடப்பது இந்த எண்ணுக்கு நல்லது. தொடர்ந்து இரண்டு நாள் இடைவெளி விழாமல் பார்த்துக்கொண்டால் போதும். மாலையில் விருந்து என்றால் அன்று காலையோ முந்தின நாள் மாலையோ உழைத்துவிடுங்கள், வடிகால் தயாராக இருக்கும்.

1,000-க்கு மேலே: கிராம் கணக்கு

இப்போது மறுபக்கம். இங்கே வடிகால் நிரம்பிவிட்டது. நல்ல எண்ணெய், கெட்ட எண்ணெய் என்ற பேதமெல்லாம் இங்கே செல்லாது. குடல் எதையும் கைலோமைக்ரானாகத்தான் கட்டும். 500 முதல் 999 வரை கலோரியில் 20, 25 சதவீதம் கொழுப்பு, 1,000-க்கு மேல் 10, 15 சதவீதம் என்பது அதே வழிகாட்டுதல். 2,000 கலோரிக்கு 10, 15 சதவீதம் என்பது 22 முதல் 33 கிராம். சேர்க்கப்பட்ட சர்க்கரை அறவே இல்லை.

22 கிராம் என்பது எவ்வளவு சின்னது என்பதை அளந்து பார்த்தால்தான் தெரியும். ஒரு தேக்கரண்டி எண்ணெய், அதாவது 5 மில்லி, நாலரை கிராம். ஒரு முழு முட்டை 5 கிராம், அத்தனையும் மஞ்சள் கருவில். கொழுப்பு நீக்காத பால் 200 மில்லி 7 கிராம். ஒரு கைப்பிடி, 30 கிராம் கொட்டைகள் 15 கிராம். தானியத்திலும் பருப்பிலும் மறைந்து வருவது நாளுக்கு ஐந்தாறு கிராமாவது இருக்கும். மீதியைக் கணக்குப் போட்டால் சமையலுக்கு இரண்டு, மூன்று தேக்கரண்டி எண்ணெய் கிடைக்கும், அதுவும் பாலும் முட்டையும் கொழுப்பில்லாமல் இருந்தால். எண்ணெயைப் புட்டியிலிருந்து ஊற்றாமல் காலையில் நாளுக்கானதைக் கிண்ணத்தில் அளந்து வைத்துவிடுவது இந்தக் கணக்கைக் காப்பாற்றும் ஒரே நடைமுறை வழி. "கண்ணளவு" இங்கே தோற்றுவிடும்.

இதய நலத்துக்கு நல்லது என்று கொட்டைகளும் ஆலிவ் எண்ணெயும் தாராளமாகச் சேர்ப்பவர், 1,200 இருந்தால் தன்னைத்தானே கணைய அழற்சிக்கு அனுப்பிக்கொள்கிறார். மாவுச்சத்தை ஒழித்துக் கொழுப்பை ஏற்றும் கீட்டோ உணவும் அப்படியே. 250 இருப்பவருக்கு அது எண்ணை நன்றாகவே இறக்கலாம். அதை நம்பி 1,500 இருப்பவர் தொடங்குவதுதான் நான் பார்க்கிற தவறுகளில் மிக அபாயமானது.

விதிவிலக்கு ஒன்று உண்டு: நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு எண்ணெய். எம்சிடி என்ற பெயரில் கிடைக்கும். இது கைலோமைக்ரானாகாமல் குடலிலிருந்து நேராகக் கல்லீரலுக்குப் போய் எரிந்துவிடும், வடிகாலைத் தொடாது. ஆனால் அதற்கும் கலோரி உண்டு, வயிற்றைக் கலக்கும், அதிகச் சூட்டில் பொரிக்க உதவாது. உணவியல் நிபுணரின் மேற்பார்வையில், ஒரு தேக்கரண்டியில் தொடங்குங்கள். கொழுப்பு இவ்வளவு குறையும் உணவை நீண்ட காலம் எடுப்பவருக்கு இன்றியமையாத கொழுப்பு அமிலங்களும், ஏ, டி, ஈ, கே விட்டமின்களும் குறைகின்றனவா என்று பார்க்க வேண்டியிருக்கும்.

ஒரு நல்ல செய்தி: குடலின் வரத்து நின்றால் எண் வேகமாக இறங்கும். கொழுப்பை நிறுத்திய இரண்டு, மூன்று நாளிலேயே பெரிய சரிவு தெரியும். ஆகவே இவர்களுக்கு மறுபரிசோதனை மூன்று மாதத்தில் அல்ல, ஒன்றிரண்டு வாரத்தில். 500-க்குக் கீழே இருப்பவருக்கோ 4 முதல் 12 வாரம் காத்திருந்து பார்ப்பதே பொருள் தரும்.

மாத்திரைகள்

இதயத்துக்கு ஆபத்து இருப்பவருக்கு, 500-க்குக் கீழே, முதல் மருந்து, கொலஸ்டிராலைக் குறைக்கும் ஸ்டாட்டின்தான். அது ட்ரைகிளிசரைடை 10 முதல் 30 சதவீதம்தான் குறைக்கும். ஆனால் மாரடைப்பைத் தடுப்பதில் சான்று அதற்கே அதிகம். ஃபைப்ரேட் வகை மருந்தான ஃபெனோஃபைப்ரேட் எண்ணை 30 முதல் 50 சதவீதம் வரை இறக்கும். அப்படியானால் அதுவே மேல் அல்லவா? 2022-இல் வெளிவந்த ப்ராமினென்ட் ஆய்வு இதைத்தான் சோதித்தது. நீரிழிவுள்ள 10,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு, பெரும்பாலும் ஸ்டாட்டினோடு சேர்த்து, அதே வகையைச் சேர்ந்த பெமாஃபைப்ரேட்டையோ வெற்று மாத்திரையையோ தந்தார்கள். பெமாஃபைப்ரேட் எடுத்தவர்களுக்கு ட்ரைகிளிசரைடு 26 சதவீதம் இறங்கியது. மாரடைப்பும் பக்கவாதமும் குறையவே இல்லை. எண் இறங்குவதும் ஆபத்து இறங்குவதும் வேறு வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் கிடையாது. ஃபைப்ரேட்டின் இடம் 500-க்கு மேல், கணையத்தைக் காக்க.

ஃபெனோஃபைப்ரேட்டில் பல வகைகளைச் சாப்பாட்டோடு எடுத்தால்தான் உடலில் சேரும். மருந்துப் பெட்டியில் உள்ள குறிப்பைப் பாருங்கள். கிரியேட்டினின் கொஞ்சம் ஏறிக் காட்டும், பெரும்பாலும் நிறுத்தினால் திரும்பிவிடும். சிறுநீரகம் கடுமையாகப் பழுதானவருக்கும் பித்தப்பைக் கல் உள்ளவருக்கும் இது ஆகாது. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர் உறைதல் நேரத்தை அடிக்கடி பார்க்க வேண்டும். இன்னொரு ஃபைப்ரேட்டான ஜெம்ஃபைப்ரோசிலை ஸ்டாட்டினோடு சேர்க்கக்கூடாது. ஸ்டாட்டின் உடலிலிருந்து வெளியேறுவதை அது தடுத்து, தசை சிதைந்து சிறுநீரகம் அடைபடும் அளவுக்குப் போகலாம். சேர்த்தே ஆக வேண்டுமென்றால் ஃபெனோஃபைப்ரேட். இன்னொன்று: ட்ரைகிளிசரைடு மளமளவென்று இறங்கும்போது எல்டிஎல் ஏறலாம். தேங்கியிருந்த விஎல்டிஎல் வடிந்து எல்டிஎல் ஆவதால் வருவது அது; மருந்து கெடுத்துவிட்டது என்று பொருளல்ல.

மீன் எண்ணெய் மாத்திரையில் ஒரு கணக்கு. ட்ரைகிளிசரைடு குறைய நாளுக்கு 4 கிராம் அளவில் மருந்துத் தர ஒமேகா-3 வேண்டும். குறைவது 20 முதல் 30 சதவீதம். கடையில் கிடைக்கும் "1,000 மில்லிகிராம்" மாத்திரையில் பெரும்பாலும் இபிஏ 180, டிஎச்ஏ 120 என்று இரு வகை ஒமேகா-3, ஆக 300 மில்லிகிராம்தான் சரக்கு. மீதி வேறு கொழுப்பு. நாளுக்கு ஒன்று போடுபவர் இந்த எண்ணில் எதையும் எதிர்பார்க்க முடியாது. பத்துக்கு மேல் விழுங்கினால் கலோரி, ஏப்பம், பேதி. ஆளி விதையில் உள்ள ஒமேகா-3 உடலுக்குள் இபிஏ ஆக மாறுவது சொற்பம், ட்ரைகிளிசரைடுக்கு உதவாது. சுத்தமான இபிஏ மருந்தான ஐகோசாபென்ட் எத்தில், 2018-இல் வந்த ரெட்யூஸ்-இட் ஆய்வில் 8,179 பேரிடம் இதய நிகழ்வுகளை 25 சதவீதம் குறைத்தது. ஆனால் ஒப்பீட்டுக் குழுவுக்குத் தந்த கனிம எண்ணெயே அவர்களுக்குக் கெடுதல் செய்ததா என்ற சர்ச்சை ஓயவில்லை. 2020-இல் இபிஏ, டிஎச்ஏ இரண்டையும் சேர்த்துத் தந்த ஸ்ட்ரென்த் ஆய்வில் பலனே இல்லை. இரண்டிலும் இதயத் துடிப்பு ஒழுங்கின்மை கூடியது. முன்பு கொழுப்பைக் குறைக்கத் தந்த நியாசினுக்கு இப்போது இடமில்லை. 2011, 2014 ஆய்வுகளோடு அதன் கதை முடிந்தது.

எந்த உணவுக்கும் எந்த மருந்துக்கும் அசையாமல், சிறுவயதிலிருந்தே ஆயிரங்களில் நிற்கும் எண், வழக்கமான காரணம் எதுவும் இல்லாமல் திரும்பத் திரும்ப வரும் கணைய அழற்சி இவை இருந்தால், வடிகால் நொதியே பிறவியில் இல்லாத நிலையாக இருக்கலாம். பத்து லட்சத்தில் ஒருவர் என்ற அளவில் அரிது. இவர்களுக்கு நாளுக்கு 15, 20 கிராம் கொழுப்புதான் ஆயுள் முழுக்க மருந்து, ஃபைப்ரேட் கேட்காது. அப்போ-சி3 என்ற தடுப்புப் புரதத்தின் உற்பத்தியை அடக்கும் ஊசிகள் அண்மையில் வந்துள்ளன. ஓலசார்சென் 2024 டிசம்பரில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.

வயிறு வலித்தால்

1,000-க்கு மேல் ஒருமுறையாவது இருந்தவர் ஒன்றை வீட்டாருக்கும் சொல்லிவைக்க வேண்டும். மேல் வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் பாயும் வலி, குனிந்து உட்கார்ந்தால் சற்றுக் குறைந்து படுத்தால் கூடும் வலி, கூடவே வாந்தி: இது அமிலத் தொல்லைக்கான மாத்திரையைப் போட்டுவிட்டுக் காலை வரை பார்க்கும் வலி அல்ல. எதையும் சாப்பிடாமல், குடிக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். அங்கே முதல் வாக்கியமாக "எனக்கு ட்ரைகிளிசரைடு ஆயிரத்துக்கு மேல் இருந்திருக்கிறது" என்று சொல்லுங்கள். கணைய அழற்சிக்காக எடுக்கும் அமைலேஸ், ரத்தம் பால்போல் இருக்கும்போது பொய்யாக இயல்பாகக் காட்டி ஆளை வீட்டுக்கு அனுப்பிவிடக்கூடும். லைபேஸ் அவ்வளவாக ஏமாறாது. ட்ரைகிளிசரைடுக்கான ரத்தத்தையும் வந்த உடனே எடுக்கச் சொல்லுங்கள். பட்டினியும் சொட்டுநீரும் ஏறி இரண்டு நாள் கழிந்த பிறகு எடுத்தால் எண் இறங்கிப்போயிருக்கும், காரணமும் கண்ணில் படாமல் போய்விடும்.